நிறுத்திவைக்கப்பட்ட முடிவு

அத்தியாயம் 9

போன வாரம் ஒரே வீட்டுக்கு ஒரே தபாலில் மூன்று பழுப்பு உறைகள் வந்தன. மூன்றுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிய தபால்காரர், "என்ன, குடும்பத்தோட பரீட்சை எழுதினீங்களா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். வாங்கியவர்கள் சிரிக்கவில்லை.

மூன்றும் பள்ளித் தேர்வு வாரியத்திலிருந்து வந்தவை. பிரித்துப் படித்தபோது, அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்துவைத்திருந்ததில் மிச்சம் இருந்ததும் வெளியே வந்தது.

வீட்டில் சின்னு என்று கூப்பிடப்படும் தங்கை, முப்பத்தெட்டு வயதில், ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலையைப் பார்த்துக்கொண்டே பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதியிருந்தாள். முடிவு வரும்வரை அது அண்ணனுக்குத் தெரியாது. அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருடமாகச் சின்னுவுக்குச் சமையலறையில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். அதுவும் அண்ணனுக்குத் தெரியாது. ஆனால் கல்லூரிப் பேராசிரியரான அந்த அண்ணனிடமும் ஒரு விஷயம் இருந்தது. இந்த வருடக் கணக்கு வினாத்தாளைத் தயாரித்தவரே அவர்தான். 'நெருங்கிய உறவினர் எவரும் இவ்வாண்டு தேர்வு எழுதவில்லை' என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியிடம்கூட மூச்சு விடாமல் இருந்தார். வாரியத்தின் விதி அது.

தனித்தனியாகப் பார்த்தால் யார் மேலும் குற்றம் இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் திருட்டு மாதிரி இருந்தது.

சின்னுவுக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்று. முடிவு வந்த மறுநாளே அந்த எண் இருந்த இடத்தில் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று வந்துவிட்டது.

இன்று விசாரணை.

காலை எட்டு மணிக்குச் சின்னு தன் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"விசாரணைக்கு யூனிஃபார்ம்லயா வரப்போற?" என்று கேட்டாள் டீச்சர்.

"மூணு மணிக்கு ட்யூட்டி, அண்ணி. அங்கிருந்து நேரா போயிடுவேன். என்னை வெளிய விடலன்னா, நீங்க போன் பண்ணி லீவு சொல்லிடுங்க."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்."

"சும்மா இருந்துதான் பதினாறு வயசுல இருந்து இப்படி இருக்கேன்." காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். "வாரியத்துக்கு யார் புகார் எழுதிப் போட்டாங்கன்னு மட்டும் தெரியணும். தொண்ணூத்தொண்ணு வாங்கினா ஊருக்கே வயிறு எரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

டீச்சருக்கு நாலு நாளாக ஒரு யோசனை உறுத்திக்கொண்டிருந்தது. "சின்னு, நீ பரீட்சை எழுதினது ஆஸ்பத்திரில பத்துப் பேருக்குத் தெரியும். ஆனா கேள்வித்தாள் போட்டது இவர்னு வெளிய யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸ்னு இருந்தா ஆயிரம் காது இருக்கும்."

முன்னறையில் பேராசிரியர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலுக்குக் கட்டி முடித்துவிட்டு, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

வாரிய அலுவலகத்தின் தரைத்தளம் எப்போதும் போல நிறைந்திருந்தது. பெயரில் ஓரெழுத்துத் தப்பாக அச்சாகிவிட்ட சான்றிதழைத் திருத்த ஒரு வரிசை. மழையில் நனைந்துபோன சான்றிதழுக்கு நகல் வாங்க இன்னொரு வரிசை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா ஒரு தகப்பனாரிடம், "உங்க பையன் பேரை நீங்களே ரெண்டு விதமா எழுதியிருக்கீங்க, நான் எதை நம்பறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். படிக்கட்டுக்கு அடியில் அரக்கு முத்திரை வைத்த சாக்குக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. விடைத்தாள்கள்.

சின்னு அவற்றை நின்று பார்த்தாள். "இதுல எங்கயோ நான் இருக்கேன்."

"உன்னோடது மேல போயிருக்கும்," என்றாள் டீச்சர்.

மூன்றாம் மாடியில் ஒரு பியூன் மூவருடைய கைபேசிகளையும் துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு, டோக்கன் கொடுத்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார். "ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாதுங்க," என்றவர், கொஞ்சம் யோசித்து, "தண்ணி கேட்டா பரவாயில்ல," என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் டீச்சரைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர். கழுத்தில் சங்கிலியோடு மூக்குக் கண்ணாடி தொங்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவருக்கு ஒரு பக்கம் சட்ட அலுவலர். இன்னொரு பக்கம் விடைத்தாள்களைப் பார்க்க வந்திருந்த கணித நிபுணர்.

"உட்காருங்க டீச்சர். பத்து வருஷமா எங்களுக்காகத் தாள் திருத்தியிருக்கீங்க. இந்த நாற்காலில உங்களை உட்கார வைக்கறது எனக்குச் சந்தோஷம் இல்ல," என்றார் கட்டுப்பாட்டாளர். "உங்க கணவர் வினாத்தாள் தயாரிச்சது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன புதன்கிழமை. உங்க கவர் வந்தப்போ."

"ஒரே வீட்ல இருக்கீங்க."

"ஒரே வீடுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அறைக்கதவைச் சாத்திட்டு எழுதினார். ஆராய்ச்சிக் கட்டுரைன்னு சொன்னார். இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட சொன்ன ஒரே பொய் அதுதான்னு நினைக்கறேன். அதையும் நீங்க சொல்லச் சொல்லித்தான் சொல்லியிருக்கார்."

சட்ட அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கணித நிபுணர் ஒரு விடைத்தாளைத் தள்ளி வைத்தார். சின்னுவின் கையெழுத்து. பதினான்காம் கேள்வி. ஒரு செவ்வக மைதானம். சுற்றளவு அறுபத்தெட்டு மீட்டர், பரப்பளவு இருநூற்று எழுபத்துமூன்று சதுர மீட்டர். நீளமும் அகலமும் எவ்வளவு?

"புத்தகத்துல இருக்கற வழி வேற," என்றார் அவர். "ஒரு பக்கத்தை எக்ஸ்னு வச்சுக்கிட்டு, இருபடிச் சமன்பாடு போட்டு, காரணிப்படுத்தணும். இவங்க அப்படிப் பண்ணல. சதுரமா இருந்தா ஒவ்வொரு பக்கமும் பதினேழு வரும். ஒரு பக்கம் எவ்வளவு கூடுதோ, மறுபக்கம் அவ்வளவு குறையும்னு ஆரம்பிச்சு நாலு வரில முடிச்சுட்டாங்க. அந்தத் தேர்வு மையத்துல நானூத்திப் பன்னிரண்டு பேர் எழுதினாங்க. இந்த வழில போட்டது இவங்க ஒருத்தர்தான்." அவர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். "வினாத்தாள் தயாரிச்சவர் எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பு இது. இதுல மாற்று முறைன்னு போட்டு, இதே நாலு வரி இருக்கு."

டீச்சர் அந்த இரண்டு காகிதங்களையும் பார்த்தாள். பயம் வந்தது. அதோடு ஒரு நினைவும் வந்தது. கல்யாணமான புதிதில், ஆசிரியர் பணித் தேர்வுக்காக அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், புதுக் கணவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செவ்வகம் வரைந்து, 'ஒரு பக்கம் கூடினா இன்னொரு பக்கம் அதே அளவு குறையணும், அவ்வளவுதான்' என்று சொன்னது. அதுவரை அவரிடம் சரியாகப் பேசக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"இது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது," என்றாள். "நான் சின்னுவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

"அதை நாங்க எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். பாருங்க." அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். "பன்னிரண்டு வருஷமா என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லித் தர்றேன். போன வருஷ விடைத்தாளை நீங்க இன்னும் அழிச்சிருக்க மாட்டீங்க. போன வருஷம் கேள்வித்தாள் அவர் தயாரிக்கல. எங்க பள்ளிக்கூடத்துக் கட்டை எடுத்துப் பாருங்க."

கட்டுப்பாட்டாளர் சட்ட அலுவலரைப் பார்த்தார்.

"அழிக்க இன்னும் மூணு வாரம் இருக்கு," என்றார் அவர்.

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

சின்னு உள்ளே போனபோது மணி பன்னிரண்டு ஆகவிருந்தது. அண்ணி அடுத்த அறைக்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சின்னு நேராகப் பதில் சொன்னாள். பதினாறு வயதில் ஒருமுறை, பதினேழு வயதில் ஒருமுறை கணக்கில் தோற்றது. அந்த வருடமே அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால், அண்ணன் மேலே படிக்கப் போக, அவள் வீட்டில் நின்றது. அம்மா போனபிறகு ஆஸ்பத்திரி வேலை. ஆஸ்பத்திரியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பள்ளி இறுதிச் சான்றிதழ் உள்ள வார்டு உதவியாளர்களைச் செவிலியர் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும்.

"இது விட்டா எனக்கு அடுத்தது கிடையாது, மேடம். பட்டியல் வெள்ளிக்கிழமை முடியுது."

"அண்ணன் கணக்குப் பேராசிரியர். அவர்கிட்ட ஏன் சொல்லல?"

சின்னு தன் விரல்களைப் பார்த்தாள். "ரெண்டாவது தடவை பெயிலானப்போ அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ரிசல்ட் பார்த்துட்டு, 'உனக்குக் கணக்கு வராது, விட்டுடு'ன்னார். கோபத்துல சொன்னது. அவருக்கு ஞாபகம்கூட இருக்காது. எனக்கு இருந்துச்சு. மார்க் ஷீட்டைக் கொண்டுபோய் அவர் கைல வைக்கணும்னு நினைச்சேன். வச்சேன். அவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. பொறாமையோன்னுகூட நினைச்சேன். கவர் வந்தப்புறம்தான் ஏன்னு புரிஞ்சுது."

சட்ட அலுவலர் அதை எழுதிக்கொண்டார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா, மேடம்? அந்த மொட்டைக் கடிதாசி யார் போட்டது?"

"மொட்டைக் கடிதம் இல்ல," என்றார் கட்டுப்பாட்டாளர். "கையெழுத்துப் போட்டது. விசாரிக்கப்படறவங்களுக்குப் பார்க்க உரிமை இருக்கு."

ஒரு பக்கக் கடிதம். முடிவு வெளியான மறுநாள் தேதி. 'இவ்வாண்டுக் கணித வினாத்தாளைத் தயாரித்தவன் நான். என் தங்கை இதே தேர்வை எழுதியிருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரியவந்தது. அவர் பெற்ற மதிப்பெண் அவருடைய சொந்த உழைப்பு என்றே நம்புகிறேன். ஆயினும் நான் கையெழுத்திட்ட உறுதிமொழி உண்மைக்கு மாறானதாக ஆகிவிட்டதால், இதை வாரியத்திடம் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.'

கீழே அண்ணனின் கையெழுத்து. படிக்கப் போன இடத்திலிருந்து அம்மாவுக்கு வந்த கடிதங்களில் எல்லாம் அவள் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து.

சின்னு கடிதத்தை மேஜையில் வைத்தாள். காலையில் தான் பேசியது எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் ஷூ கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இப்போ உங்களால ஒரு தாள் எழுத முடியுமா?" என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். "ஒவ்வொரு வருஷமும் நாலு பேர் நாலு தாள் தயாரிப்பாங்க. அச்சடிக்கறதுக்கு முன்னாடி சீட்டுக் குலுக்கி ஒண்ணு எடுப்போம். எடுக்காத தாள் ஒண்ணுல இருந்து அஞ்சு கேள்வி தர்றோம். ஒரு மணி நேரம். கட்டாயம் இல்ல."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. "பேனா இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் பேராசிரியரையும் விசாரித்து முடித்திருந்தார்கள். ஒன்றரை மணிக்கு மூவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். அண்ணனும் அண்ணியும் அருகருகே. சின்னு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். ஏனென்று டீச்சருக்குப் புரியவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணித நிபுணர் முதலில் பேசினார். போன வருடம் டீச்சரின் வகுப்பிலிருந்து எழுதிய முப்பத்தொன்பது பேரில் இருபத்துநான்கு பேர் இதே மாதிரிக் கணக்கை அதே முறையில்தான் போட்டிருக்கிறார்கள். இன்று சின்னு எழுதிய தாளில் இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று. "முதல் கணக்குல மட்டும் கூட்டல்ல ஒரு சின்னத் தப்பு. எழுத்துகூட அதுல கொஞ்சம் கோணலா இருக்கு. அப்புறம் சரியாயிடுச்சு."

கட்டுப்பாட்டாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வினாத்தாள் கசியல. யாரும் யாருக்கும் எதையும் சொல்லல. அதை எழுத்துலயே தர்றேன். ஆனா தயாரிச்சவரோட கூடப்பிறந்தவங்க எழுதின பாடத்தோட முடிவு நிற்காதுன்னு விதி இருக்கு. தெரிஞ்சு நடந்துச்சா, தெரியாம நடந்துச்சான்னு விதி கேக்கல. கணக்குப் பாடத்தோட முடிவு மட்டும் ரத்தாகுது. ஏழு வாரத்துல துணைத்தேர்வு இருக்கு, எழுதலாம். சார் இனிமே வாரியத்துக்காக எந்த வேலையும் செய்யக்கூடாது."

"சரிங்க," என்றார் பேராசிரியர்.

"தப்பு இல்லன்னு சொல்றீங்க," என்றாள் சின்னு. "மார்க்கும் இல்லன்னு சொல்றீங்க."

"ஆமாம்மா." அவர் குரல் உயரவில்லை. "இந்த வருஷம் மூணு லட்சத்துக்கு மேல எழுதினாங்க. அதுல பாதிப் பேருக்கு எங்க சான்றிதழ் ஒண்ணுதான் சொத்து. சிபாரிசு கிடையாது, தெரிஞ்சவங்க கிடையாது. ஆனா அந்தக் காகிதத்தை எங்க கொண்டுபோய் நீட்டினாலும் வாங்கிக்கறாங்க. அதுல இருக்கற நம்பர் யாரோட அண்ணனையும் பார்த்துப் போட்டது இல்லன்னு ஒரு நம்பிக்கை. நாளைக்கு ஒருத்தர் இந்தக் கேஸைக் காட்டி விரலை நீட்டினா, அந்த மூணு லட்சம் நம்பருக்கும் நான் பதில் சொல்லணும்."

"அந்தப் பாதிப் பேர்ல நானும் ஒருத்தி, மேடம்."

வெளியே யாரோ வண்டியில் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றார் கட்டுப்பாட்டாளர். "உங்க விண்ணப்பத்துல, உறவுக்காரங்க யாராவது வாரிய வேலைல இருக்காங்களான்னு நாங்க ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா உங்க வீட்ல ஒரு பேராசிரியர் இருக்கார்னு எழுதியிருப்பீங்க, நாங்க பார்த்திருப்போம். அது எங்க பக்கத்துத் தப்பு. ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தர்றேன். ஏத்துக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம்."

கடைசியாகச் சட்ட அலுவலர், சொல்ல வேண்டிய கடமை என்பதால் ஒன்றைச் சொன்னார். மேல்முறையீடு உண்டு. தான் எழுதப்போவதைத் தேர்வர் முன்கூட்டியே தயாரிப்பாளரிடம் தெரிவித்திருந்து, அவர் அதை மறைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், பழி முழுவதும் தயாரிப்பாளருடையது. அப்போது தேர்வரின் மதிப்பெண் நிற்கும். "அந்தச் சூழ்நிலை இங்க இருக்கறதா யாரும் சொல்லல. விதி இருக்குன்னு தெரிவிக்கறேன். இந்த உத்தரவுல கையெழுத்துப் போட அரை மணி நேரம் எடுத்துக்கலாம்."

தாழ்வாரத்தில், தீயணைப்பு மணல் வாளிகள் மாட்டியிருந்த சுவரருகே மூவரும் நின்றார்கள்.

"யார் எழுதிப் போட்டதுன்னு கேட்டியா?" என்றாள் டீச்சர்.

"கேட்டேன்." சின்னு அண்ணனைப் பார்த்தாள். "நீயே சொல்லு."

பேராசிரியர் சொன்னார். டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: "பதினாறு நாளா தெரியும் உங்களுக்கு."

"விசாரணை முடியற வரைக்கும் யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க."

"நான் யாரோவா?" அவள் குரல் தழுதழுத்தது. "நீங்க கடிதாசி எழுதினதுல எனக்கு ஒண்ணும் இல்லங்க. நானா இருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். ஆனா நாலு நாளா நான் அந்தத் தெருல யார், இந்தத் தெருல யார்னு சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரங்க முகத்தைப் பார்த்து நான் பேசல. நீங்க பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க."

அவர் தங்கை பக்கம் திரும்பினார்.

"சின்னு, அந்த அதிகாரி சொன்னதைக் கேட்டியா? விண்ணப்பம் போட்ட செப்டம்பர்லயே என்கிட்ட சொன்னேன்னு எழுதிக் கொடுத்துடு. நான் ஆமான்னு சொல்லிடறேன்."

"என்னது?"

"உன் மார்க் நிக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்."

"உங்க வேலை போயிடுங்க," என்றாள் டீச்சர். "பொய்ச் சத்தியம்னு வழக்கே போடுவாங்க."

"போகட்டும். நான் படிக்கப் போனது இவ அம்மா பக்கத்துல உட்கார்ந்ததாலதான். ஆறு வருஷம். எனக்கு அந்தக் கணக்கு தெரியாதுன்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்?" முதன்முறையாக அவர் குரல் உடைந்தது. "கடிதம் எழுதாம இருக்க என்னால முடியல, சின்னு. மூணு தடவை கிழிச்சேன். இதையாவது செய்யறேன். எழுதிக் கொடு."

சின்னு சுவரில் சாய்ந்துகொண்டாள். சீருடையின் மடிப்பு கலைந்தது.

நிஜமாகவே அவள் யோசித்தாள். ஒரு வரி போதும். எப்படியும் உண்மையான மதிப்பெண்தான். திருடினதில்லை. அவர் தானாக நீட்டுகிறார். அவர் பட்டதாரி, வேறு வேலை தேடிக்கொள்வார். அவளுக்கு நாற்பது வந்துவிடும்.

டீச்சர் குறுக்கே பேசவில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் அது தப்பாகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணா," என்றாள் சின்னு கடைசியில். "அந்தத் தொண்ணூத்தொண்ணு என்னோடது. உன் பொய்ல அது நின்னுச்சுன்னா, அப்புறம் உன்னோடது ஆயிடும். இருபது வருஷம் கழிச்சும் நீ சொல்லிக் கொடுத்துதான் நான் பாஸ் பண்ணினேன்னு ஆயிடும்."

"சின்னு..."

"உனக்குக் கணக்கு வராதுன்னு சொன்னியே, அப்போகூட நான் உன்மேல கோபப்படல. நீ தப்பா சொல்றேன்னு நினைச்சேன், அவ்வளவுதான். இன்னிக்குக் கோபமா இருக்கேன். கடிதாசி எழுதினதுக்கு இல்ல. காலைல நான் அத்தனை பேசினேன், ஒரு வார்த்தை, 'நான்தான்'னு சொல்லல. எனக்குச் சொல்லியிருந்தா நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? எல்லாத்துக்கும் உனக்கு ஒரு உத்தரவு இருக்கு."

அவள் உள்ளே போனாள். மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் துணைத்தேர்வு விண்ணப்பமும், வாரிய முத்திரை போட்ட ஒரு நீள உறையும் இருந்தன.

"கையெழுத்துப் போட்டுட்டேன். ரத்து பண்ணிக்கச் சொல்லி." உறையைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். "அண்ணி, இன்னிக்கு ட்யூட்டி முடிஞ்சு நான் ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லயே ஃப்ரெண்டோட தங்கிக்கறேன். எனக்காகச் சமைக்காதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல அண்ணி."

டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பேராசிரியர் இரண்டு படி பின்னாலேயே போனார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்போ விடுங்க," என்றாள். பிடித்த கையை அவள் உடனே எடுத்துவிடவில்லை. ஆனால் அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மேட்ரன் அந்த உறையை நின்றபடியே பிரித்துப் படித்தார். பதினைந்து வருடமாகச் சின்னுவை வேலை வாங்கியவர். பாராட்டி அவருக்குப் பழக்கமில்லை.

"இதைப் பயிற்சிக் கமிட்டில நான் கொடுத்துட்டு வர்றேன். நீ போய் ஏழாம் படுக்கைக்கு விரிப்பு மாத்து."

சின்னு விரிப்பு மாற்றினாள். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெண்மணியைப் புரட்டிப் படுக்க வைத்தாள். மூன்றாம் படுக்கைக்காரர், "என்ன இன்னிக்கு உங்க வாய்க்கும் பூட்டுப் போட்டு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். "சாவி தொலைஞ்சுபோச்சு ஐயா," என்றாள். மாத்திரைத் தள்ளுவண்டியைத் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள்.

ஐந்து மணிக்கு மேட்ரன் திரும்பி வந்தார்.

"கமிட்டில படிச்சாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் பேரைப் பட்டியல்ல இருந்து எடுக்க மாட்டாங்க. ஆனா ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். தப்பே இல்லன்னா எதுக்கு ரத்து, ரத்துன்னா எப்படித் தப்பு இல்லன்னு கேக்கறார். காகிதத்துல அதுக்குப் பதில் இல்லன்னார்."

"நான் சொல்றேன், மேட்ரன்."

"நீ சொன்னா நீ உனக்காகச் சொல்றேன்னு ஆகும். வாரியத்துக்கு முதல்ல எழுதின ஆளே நேர்ல வந்து சொல்லட்டும்னு முடிவாயிருக்கு. உன் அண்ணன்தானே? வருவாரா?"

சின்னு கையிலிருந்த துடைக்கும் துணியை மடித்தாள்.

"கேட்டுச் சொல்றேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு, கூடப்பிறந்தவர்தானே?" மேட்ரன் போய்விட்டார்.

துணிகள் அடுக்கும் சிறு அறைக்குள் போய் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணனின் எண்ணைப் போட்டாள். ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"சின்னு?"

கோபம் அப்படியே இருந்தது, குறையாமல்.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும். கமிட்டி முன்னாடி. நீ எழுதினதோட நகலை எடுத்துட்டு வா. அதுல இருக்கறதை மட்டும் சொல்லு. கூட ஒண்ணு, குறைய ஒண்ணு வேண்டாம்."

"வர்றேன்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "சின்னு, நீ வீட்டுக்கு எப்போம்மா வருவ?"

வார்டில் ஏழாம் படுக்கையின் மணி அடித்தது. அவள் கதவைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். மணி மறுபடி அடித்தது.

"கூப்பிடறாங்க. போகணும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.